ஆறு சட்டை

காலை ஐந்து மணிக்கு எழுந்தான். படுக்கையைச் சுருட்டி மூலையில் வைத்தான். குழாயில் ஐந்தேகாலுக்குத் தண்ணீர் வந்து ஆறு மணிக்கு நின்றுவிடும். இரண்டு வாளி பிடித்தான், ஒரு குடம் பிடித்தான். அடுப்பில் டீ வைத்தான். ரொட்டியை நான்கு துண்டாக வெட்டி, இரண்டை மாமியாருக்கு எடுத்து மூடி வைத்தான். பின்பக்கக் கொடியில் நேற்றுக் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்தான். சட்டைக்கு இரண்டு கிளிப். இந்த நான்கு மாதமாக அவன் ஒரு துணிக்கு இரண்டு கிளிப்புக்கு மேல் போடுவதில்லை. காற்றில் விழுந்தால் விழட்டும்.

தெருவில் அவனுக்கு மைக்காரன் என்று பேர். லாண்டரியில் வருகிற ஒவ்வொரு துணியிலும், உள்பக்க ஓரத்தில், அழியாத மையால் குறி போடுவது அவன் வேலையாக இருந்தது. பட்டம் வாங்கியவன் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று முதலாளியம்மா அந்த மேஜையைக் கொடுத்திருந்தாள். வரலாறு படித்ததற்கு அந்த ஒரு பிரயோஜனம்தான். விரல்களில் இருந்த கறை எல்லாம் போய்விட்டது. வலது கட்டைவிரல் நகத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கீற்று மிச்சம். அதுவும் வளர்ந்து வளர்ந்து நுனிக்கு வந்துவிட்டது. அடுத்த முறை நகம் வெட்டினால் அதுவும் இல்லை.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. வெளியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். லாண்டரிமேல் விழுந்த குண்டில் செத்த ஏழு பெண்களும் பொதுமக்களா இல்லையா என்று அவர்கள்தான் எழுதப் போகிறார்கள். ஏழு பேரில் ஒருத்தி அவன் மனைவி.

ஏழு மணிக்கே மச்சான் வந்துவிட்டார். அவளுடைய அண்ணன். பஸ் ஓட்டுகிறவர். இருபது வருஷமாக எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர், வீட்டுக்குள்ளும் அப்படித்தான் பேசுவார்.

“எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டு மாப்ள.”

“எதை?”

“எதையா? அந்தப் பச்சைத் துணியெல்லாம் ஆஸ்பத்திரித் துணி. ஆபரேஷன் பண்ற டாக்டருங்க போடற கவுனு. ஒத்த வரி. நாக்கு ஒண்ணும் சுளுக்கிக்காது.”

“கவுனுக்குக் காலர் கிடையாது மச்சான். விசாரிக்க வந்தவங்க கையில காலர் இருக்கு.”

மச்சான் ரொட்டியைப் பிய்த்தார். அது மாமியாருக்கு வைத்தது.

“அப்ப வார்டு பையன் சட்டைனு சொல்லு. குறி போட்டது நீ. குறி நோட்டு எரிஞ்சு போச்சு. ஒலகத்துல உன்னத் தவிர எவனுக்கு அது படிக்கத் தெரியும்? நீ சொல்றதுதான் குறி.”

“போஸ்டருக்கும் இப்படித்தான் சொன்னீங்க.”

“ஆரம்பிச்சிட்டான்யா.”

அவள் செத்த மூன்றாம் வாரம் போஸ்டர் வந்தது. கல்யாணப் படத்திலிருந்து அவனை வெட்டிவிட்டு அவள் முகத்தை மட்டும் பெரிதாக்கி, கீழே அவளுடைய கடைசி வார்த்தை என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘என் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்.’ அவர்களுக்குப் பிள்ளை இல்லை. போஸ்டர் அடித்தவருக்கு அது தெரியாது. தெரிந்த மச்சான், ஒட்டின பிறகு கிழிக்கவா முடியும் என்று விட்டுவிட்டார். குண்டு போட்ட பக்கத்துக்காரர்கள் இரண்டே நாளில் மோப்பம் பிடித்தார்கள். டிவியில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே கேட்டான்: பிள்ளையே இல்லாதவள் எந்தப் பிள்ளையைக் காப்பாற்றச் சொன்னாள்? இந்த ஒன்று பொய் என்றால் மற்ற ஆறு பேர் மட்டும் எப்படி நிஜம்? அப்படி ஒரு லாண்டரியாவது இருந்ததா?

“ஊர் வாய மூட ஒலைமூடி கிடையாது மாப்ள,” என்றார் மச்சான். “அவன் ஆயிரம் பொய் சொல்றான். நாம ஒண்ணு சொன்னோம்.”

“அந்த ஒண்ணுலதான் அவ செத்ததே பொய்யாயிடுச்சு.”

மாமியார் சுவரோரம் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தாள். மகள் போனபிறகு இந்த வீட்டில்தான் இருக்கிறாள். மருமகனுக்கு யார் இருக்கிறார்கள் என்று தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள்.

“பூசணிக்கா போன எடம் தெரியாதாம், கடுகு போன எடத்த ஆராய்வானாம்,” என்றாள். “ஏழு உசுரு போச்சு. எவனும் கேக்கல. சட்டை என்ன கலருனு நாலு மாசமா டிவியில அடிச்சிக்கறானுங்க. நாளைக்கு இவள நான் பெத்தேனா இல்லையானு கேப்பானுங்க, பாரு.”

“அதுக்குத்தாம்மா சொல்றேன். இவன் வாயத் தொறந்து ஒழுங்கா ஒரு வார்த்த சொன்னா எல்லாத்தையும் மூடிட்டுப் போவானுங்க.” மச்சான் அவன் பக்கம் திரும்பினார். “உன்னோடது மட்டும் இல்ல மாப்ள. மத்த ஆறு வீடும் உன் வாயத்தான் பாத்துட்டு இருக்கு. அதையும் நெனச்சுக்கோ.”

அவன் நினைத்துக்கொண்டுதான் இருந்தான்.

லாண்டரி மூன்று அடுக்கு. கீழே கொதிகலனும் துவைக்கிற இயந்திரங்களும். நடுவில் பிரிக்கிற இடம், இஸ்திரி மேஜைகள், ஜன்னலோரம் அவனுடைய மேஜை. மேலே மொட்டை மாடி, பன்னிரண்டு கொடி. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு வாரத்துக்கு நானூறுக்குக் குறையாது. அதன் ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்று அவள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிரிக்கிற வேலை அவளுடையது. மூட்டையை அவிழ்த்ததும் மோந்து பார்த்தே எந்த வார்டு என்று சொல்லிவிடுவாள். ஒவ்வொரு வாடிக்கைக்கும் ஒரு குறி. ஆஸ்பத்திரிக்கு வட்டத்துக்குள் புள்ளி. தெருமுனைக் காவல்சாவடிக்கு இரண்டு கோடும் ஒரு புள்ளியும்.

காவல்சாவடிச் சிப்பாய்கள் வாரம் ஆறு பச்சைச் சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் எறிந்துவிட்டுப் போவார்கள். முடியாது என்று சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்த ரொட்டிக் கடைக்காரர் மூன்று நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார், நொண்டிக்கொண்டு. முதலாளியம்மா துவைக்கச் சொன்னாள். ஆனால் சண்டை தொடங்கிய அன்றே ஒரு சட்டமும் போட்டாள். வெள்ளை மேலே, பச்சை உள்ளே. ஆஸ்பத்திரிப் பச்சையாக இருந்தாலும் உள்ளேதான். மேலே பறக்கிறவனுக்குக் காலர் தெரியாது, கலர்தான் தெரியும் என்பாள்.

அந்த வாரம் மூன்று நாள் விடாமல் மழை. கொதிகலன் அறையில் தொங்கவிட்ட ஆறு சட்டையும் காயாமல் நாறத் தொடங்கிவிட்டன. சாயங்காலம் சட்டை வேண்டும் என்று சிப்பாய் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நான்காம் நாள் காலையில் வெயில் வந்தது. கூடவே காற்று. எட்டரை மணிக்கு அவன் ஆறு சட்டையையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்க் காயப்போட்டான். காற்றில் ஒன்று பறந்து தெருவில் விழுந்தால் தீர்ந்தது கதை என்று இறுக்கிக் கிளிப் மாட்டினான். அரைமணி நேரம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான்.

குண்டு விழுவதற்கு முன், ஒன்பது மணிக்கு விமானத்திலிருந்து எடுத்த படத்தில் ஆறு பச்சைப் புள்ளிகள் இருந்தன. அதைத்தான் நான்கு மாதமாக டிவியில் காட்டுகிறார்கள். சட்டைகளை மாடிக்குக் கொண்டுபோனது யார் என்று இதுவரை ஒருத்தரும் அவனைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் அன்றைக்கே கேட்டுவிட்டாள்.

“மூஞ்சிய மழிச்சிட்டு வா,” என்றார் மச்சான். “பைத்தியக்காரன் மாதிரி போய் நிக்காத.”

முடிதிருத்தும் கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேர் நான்கு கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைக்காரர் அவன் கன்னத்தில் நுரை போட்டுவிட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே கத்தியைத் தீட்டினார்.

“இன்னிக்கா உனக்கு?”

“ம்.”

“நான் தப்பா கேக்கறேன்னு நெனைக்காத. ராணுவத் துணிய வெளுத்துக் குடுத்தா அது ராணுவ எடம்தான? சட்டப்படி கேக்கறேன்.”

கத்தி தாடைக்குக் கீழே இருந்தது.

“எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். செத்தவங்க பாவம், அது வேற. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? நெருப்பப் பக்கத்துல வெச்சுக்கிட்டு சுட்டுடுச்சுனா?”

“போன வெள்ளிக்கிழம இந்த நாற்காலியில யார் ஒக்காந்திருந்தாங்க?” என்று கேட்டான், கத்தி விலகியதும்.

“யாரு?”

“காவல்சாவடி மேஜர். அவருக்கும் இதே கத்திதான?”

கடைக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். மிச்சப் பாதி முகத்தை அவசரமாக மழித்தார். மேலுதட்டில் சின்னதாகக் கீறிவிட்டது. படிகாரத்தைத் தேய்க்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, நீயே தேய்த்துக்கொள் என்பதுபோல நகர்ந்துகொண்டார்.

மண்டபத்தில் பெஞ்சுகள் இரண்டு வரிசையாகப் பிரிந்து கிடந்தன. இடப்பக்கம் ஏழு வீட்டாரும் போஸ்டர் அடித்த சங்கத்தாரும். வலப்பக்கம் லாண்டரி ராணுவ இடம்தான் என்று சொல்கிறவர்கள். நடுவில் நடக்க மட்டும் இடம். கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட கூட்டல் கணக்கு. முன்னால் மூன்று நாற்காலி. நடுவில் இருந்த நரைத்த குட்டைமுடி அம்மாள்தான் தலைவி. ஓரத்தில் ஒரு குமாஸ்தா, முன்னால் இரண்டு பத்தி போட்ட தாள். ஒரு பத்தியின் தலையில் ‘பொதுமக்கள்’, மற்றதன் தலையில் ‘பிறர்’. குண்டு போட்டவர்கள் சார்பில் கோட்டுப் போட்ட ஒருவர் வந்திருந்தார். நல்ல துணி. உலர்சலவை மட்டும்தான் தாங்கும் என்று அவன் கண் தன்னால் கணக்குப் போட்டது.

“நீங்க அங்க என்ன வேலை பாத்தீங்க?” என்று தலைவி கேட்டாள்.

“துணிக்குக் குறி போடற வேலைங்க.”

“அப்ப இத நீங்கதான் சொல்லணும்.”

பிளாஸ்டிக் பையில் ஒரு காலர். ஒரு பக்கம் கருகியிருந்தது. அவன் பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். அவன் கையெழுத்துதான். இரண்டு கோடு, ஒரு புள்ளி. புள்ளி கொஞ்சம் இழுபட்டிருந்தது. அன்றைக்கு மூட்டையோடு குறுக்கே போன மனைவி வேண்டுமென்றே அவன் முழங்கையை இடித்துவிட்டுப் போனாள். எப்போதும் செய்கிறதுதான்.

“யாரோட குறி?”

மச்சான் முன்வரிசையில் தொடைமேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார், பஸ்ஸைத் திருப்பத்தில் ஒடிக்கிற மாதிரி. அவருக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட பெண்ணின் அப்பா. செத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயசு. அவர் அவனைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். சொல்லு, பரவாயில்லை என்கிற ஆட்டல். வார்டு பையன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். ஆனால் அவன் மனைவிக்கு ஏற்கெனவே இல்லாத பிள்ளைகளைக் கொடுத்திருந்தார்கள், சொல்லாத வார்த்தையைக் கொடுத்திருந்தார்கள். அவளிடம் நடந்தது நடந்தபடியே மிச்சமிருந்தது இந்த இழுபட்ட புள்ளி ஒன்றுதான்.

“காவல்சாவடியோடதுங்க. ராணுவச் சட்டை.”

இடப்பக்கம் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது.

“எத்தன இருந்துது?”

“ஆறு.”

“மாடியில யாரு காயப்போட்டாங்க?”

“நான்தான். அங்க போடக்கூடாதுனு முதலாளியம்மா சொல்லியிருந்தாங்க. நான் போட்டேன். அவ அத எடுக்கத்தான் மேல போனா.”

கோட்டுக்காரர் எழுந்தார். “ஆக, அந்தக் கட்டடம் ராணுவத்துக்காக வேலை செஞ்சுதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க.”

“வாரம் ஆறு சட்டை தொவைச்சோம். அதே வாரம் நானூறு ஆஸ்பத்திரி விரிப்பும் தொவைச்சோம். அப்ப அது ஆஸ்பத்திரிங்களா?”

“நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்.”

“அதத்தான் சொல்றேன். சட்டை ஈரமா இருந்துச்சு. உள்ள ஆள் இல்ல. ஆளு பக்கத்துல இருந்தாங்க. மேல ஒருத்தி, கீழ ஆறு பேரு. ஒங்க படத்துல சட்டை ஆறும் தெரியுது. மேல கூடையோட நின்னவ தெரியலயா?”

கோட்டுக்காரர் தாளைப் புரட்டினார். “அந்தச் சட்டைங்க இல்லன்னா தாக்குதல் நடந்திருக்காது. சரிதானே?”

“நடந்திருக்காம இருக்கலாம்,” என்றான். “அத நான் நாலு மாசமா யோசிக்கிறேன். நீங்க எத்தன நாள் யோசிச்சீங்க?”

அப்போது வலப்பக்கம் கைதட்டினார்கள். கடைசிக் கேள்விக்கு இல்லை. அவன் சட்டையை ஒத்துக்கொண்டதற்கு. ஒருத்தன் விசிலும் அடித்தான்.

தலைவி மேஜையைத் தட்டினாள். சத்தம் அடங்கியதும் கேட்டாள்: “போஸ்டர்ல இருக்கறது ஒங்க மனைவி சொன்னதா?”

“இல்லீங்க.”

“வேற என்ன சொன்னாங்க?”

“அது ஒங்க தாளுக்கு வேண்டியதில்லைங்க.”

குமாஸ்தா பேனாவை இரண்டு பத்திக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு தலைவியைப் பார்த்தான். ஒரு மாதத்தில் அறிக்கை வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெளி வாசலில் மச்சான் காத்திருந்தார். ஒரே அறை. வலது கன்னம். மேலுதட்டுக் கீறல் மறுபடி திறந்துகொண்டது.

“ஏழு பேரையும் வித்துட்டியேடா,” என்றார். முதல்முறையாகச் சத்தம் இல்லாமல் பேசினார். “நல்லவன்னு பேர் வாங்கறதுக்கு என் தங்கச்சிதான் கெடச்சாளா ஒனக்கு?”

ஒருவேளை மச்சான் சொன்னதுதான் சரியோ என்று அவனுக்கு இருந்தது. இஸ்திரிப் பெண்ணின் அப்பா அவனைத் தாண்டிப் போகும்போது காலடியில் துப்பினார். குறி பார்த்துத் துப்பவில்லை. செருப்பு ஓரத்தில்தான் பட்டது.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் பெட்டியைத் திறந்துவைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். செய்தி அவனுக்கு முன்னால் வந்துவிட்டது. மச்சான் தெருவில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

“நீதான் போட்டியா அந்தச் சட்டைய?”

“நான்தான் அத்தை.”

“நாலு மாசம் நீ ஊத்தின டீயக் குடிச்சிருக்கேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

அவள் ஒரு துண்டை உதறி நான்காக மடித்தாள். கோணலாக இருந்தது. பிரித்து மறுபடி மடித்தாள்.

“சட்டையப் போட்டவன் நீ. குண்டப் போட்டவன் நீயில்ல. எனக்கு ரெண்டும் வெளங்குது, நான் ஒண்ணும் டிவிக்காரி இல்ல. ஆனா ஒன் மூஞ்சியப் பாத்தா இனிமே எனக்கு மொதல்ல சட்டைதான் ஞாபகத்துக்கு வரும். அதான் கெளம்பறேன். இங்க இருந்து ஒன்ன வைய எனக்குத் தெம்பில்ல.”

“சரி அத்தை.”

பெட்டி மூடவில்லை. அவன் குனிந்து மூடியை அழுத்தினான். அவள் கொக்கியை மாட்டினாள்.

“ஆறே ஆறு சட்டை,” என்றாள். “கைவேலையில அவ மின்னல். உருவிக்கிட்டு ஓடி வந்திருப்பாளே. அவ்ளோ நேரம் மேல என்ன பண்ணா?”

“சட்டைக்கு நாலு கிளிப் போட்டிருந்தேன் அத்தை. காத்து அடிச்சுது.”

மாமியார் மனசுக்குள் கூட்டினாள். இருபத்து நாலு. அது அவள் உதட்டில் தெரிந்தது. வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் பெட்டியைத் தூக்கவில்லை.

“போஸ்டர்ல உள்ளது வேணாம். மண்டபத்துல சொல்லாதத எனக்குச் சொல்லு. கடைசியா என்னதான் சொன்னா?”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இஸ்திரி மேஜைப் பக்கம் இருந்து வந்தா. கொதிகலன் அறையில பச்சையக் காணோமே, எங்கனு கேட்டா. மேல போட்டிருக்கேன்னேன். ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சானு திட்டினா. ஆஸ்பத்திரி வண்டி வந்து தெருவுல ஹாரன் அடிச்சிட்டு இருந்துது, நான் அதுக்கு எறங்கணும். நீ போ, நானே எடுத்துக்கறேன்னா. எத்தன கிளிப் போட்டனு கேட்டா. நாலுன்னேன். சிரிச்சா அத்தை.

“சிரிச்சிட்டு?”

“நாலா? சட்டை பறந்து அவனுங்ககிட்டயே போயிடும்னு பயமா ஒனக்கு? சரி, அந்தக் கூடைய இப்படிக் குடு.”